மூன்று இருமல், ஒரு கார்பன் சைக்கிள்

தெருவில் எல்லோருக்கும் அவர் 'டேப்'. பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள்தான். மின்சார பில்லைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் மனைவி. இன்னொருவர் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்த டாக்டர். மயக்கம் தெளிந்ததும் மனிதர் தண்ணீர் கேட்கவில்லை, டேப்பைத்தான் கேட்டார் என்று அந்த டாக்டர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

முப்பது வருஷமாக ஊரையே அளந்தவர். பள்ளிச் சீருடை, காவலாளி சீருடை, கல்யாணக் கோட்டு, எதுவானாலும் தைப்பார். இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது ஒன்று: மனிதன் எந்த உண்மையையும் தாங்குவான், தன் இடுப்பளவை மட்டும் தாங்க மாட்டான். அதனால் கடையில் ஓர் ஏற்பாடு உண்டு. இவர் அளப்பார், மனைவி நோட்டில் எழுதுவாள். நாற்பது இஞ்ச் இடுப்பு வந்து நின்றால் இவர் சத்தமாக "முப்பத்தெட்டு" என்பார். சொல்லிவிட்டு இரண்டு முறை இருமுவார். ஓர் இருமலுக்கு ஓர் இஞ்ச். மனைவி முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் நாற்பது என்று எழுதிக்கொள்வாள். வந்தவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "பரவாயில்லையே, குறைஞ்சிருக்கு" என்று சந்தோஷமாகக் கிளம்புவார். பேன்ட்டும் கச்சிதமாக இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? பெரிய மனிதர்கள் வரும் நாட்களில் மட்டும் தையல் கடை கொஞ்சம் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி கேட்கும், அவ்வளவுதான்.

ஊருக்கெல்லாம் இஞ்ச் குறைத்துச் சொன்ன இந்த மகானுபாவர், தன்னை மட்டும் யாரையும் அளக்க விட்டதில்லை. காரணம் ரொம்பச் சின்னது. சரியாகச் சொன்னால் மூன்று இஞ்ச். மனைவி அவரைவிட மூன்று இஞ்ச் உயரம். முதன்முதலில் பார்த்துக்கொண்டபோது இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து நின்றபோது காரியம் கைமீறிவிட்டிருந்தது. அன்றிலிருந்து இருபத்து நாலு வருஷமாக அந்த மூன்று இஞ்சை ஒளித்து வைப்பதுதான் அந்த வீட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம். இவர் செருப்புக்கு அடியில் கூடுதலாக இரண்டு அடுக்குத் தோல். அவளுக்குத் தட்டைச் செருப்பு. சாலையோரம் நடந்தால் மேட்டுப் பக்கம் இவருக்கு. போட்டோ என்றால் அவளுக்கு நாற்காலி, இவர் பக்கத்தில் கம்பீரமாக நிற்பார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிற அளவுக்கு அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. பேசிவிட்டால் அவள் கண்ணில் தான் குறைந்துபோவோம் என்று பயந்தார். உண்மையிலேயே பயந்தார், பாவம்.

அவளுடைய அண்ணனிடம் இன்னும் அதிகமாகப் பயந்தார். அந்த அண்ணன் மெயின் ரோட்டில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். ஊர் அவரை 'எல் போர்டு' என்றுதான் சொல்லும். முப்பது வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர்களைத் திருத்தியே பழகியவர். குடும்பத்தில் யார் எதைத் தொடங்கினாலும் அவர் கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் சைக்கிள் எப்படி வந்தது என்றால், பல் டாக்டரால் வந்தது. அவர் வாரம் தவறாமல் ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றுக் காட்டில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர். கடையில் வாங்கிய ஷார்ட்ஸ் தொடையை அறுக்கிறது, உள்ளே பஞ்சு வைத்து ஒன்று தைத்துத் தாருங்கள் என்று வந்தார். தைத்துக் கொடுத்த ஷார்ட்ஸ் அமோகமாக இருந்ததில் அவருடைய கோஷ்டி மொத்தமும் வந்து அளவு கொடுத்தது. அன்று முழுக்க டேப்புக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

தையல் தாங்குகிறதா என்று நேரில் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் காட்டுக்குப் போனார். கீழே ஒரு மரத்தடியில் நின்றார். மேலிருந்து பல் டாக்டர் வேர், பாறை, பள்ளம் எதையும் சட்டை செய்யாமல் இறங்கி வந்தார். சைக்கிளின் முன்பக்கம் அமுங்குகிறது, பின்பக்கம் அமுங்குகிறது, டாக்டர் மட்டும் வீட்டு சோபாவில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் வருகிறார். டேப் ஷார்ட்ஸைப் பார்க்கவே மறந்துபோனார்.

"தூக்கிப் பாருங்க" என்றார் டாக்டர். தூக்கினார். ஒற்றைக் கையில் வந்தது.

"இரும்பு இல்லையா டாக்டர்?"

"கார்பன். ஒரு வகையில உங்க சமாச்சாரம்தான். கார்பன் நூலை நெசவு பண்ணித் துணியாக்கி, பல திசையில அடுக்கி, பசை போட்டு அச்சுல வச்சு வேக வைக்கிறது."

டேப் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு குனிந்தார். வார்னிஷுக்கு அடியில் சாய்வுக் கோடுகளாக இழை ஓடியது. ட்வில் நெசவு. முப்பது வருஷம் அவர் பேன்ட்டாக வெட்டிய அதே ட்வில். துணியில் செய்த சைக்கிள். அந்த இடத்திலேயே மனிதர் விழுந்துவிட்டார். காட்டில் அவருக்கு முன்னால் பலர் விழுந்திருக்கிறார்கள், சைக்கிளில் ஏறாமலே விழுந்தவர் அவர் ஒருவர்தான்.

அடுத்த மூன்று மாதம் வீட்டில் வேறு பேச்சில்லை. ஷாக் அப்சார்பர் நூற்று முப்பது மில்லிமீட்டர் அமுங்கினால் போதுமா, நூற்று ஐம்பது வேண்டுமா? சக்கரம் பெரிசா, நடுத்தரமா? மனைவி பட்டன் கட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். சர்க்கரை கூடியிருக்கிறது, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று குடும்ப டாக்டர் சொல்லியிருந்தது வசதியாகப் போயிற்று. அண்ணனிடம் மட்டும் அந்தச் சாக்கு செல்லவில்லை.

"மாப்பிள்ளை, ஐம்பத்திரண்டு வயசுல மலையேறப் போறீங்களா? நடந்தா சர்க்கரை குறையாதா?"

"நடக்கிறதுல ஷாக் கிடையாது மச்சான்" என்றார் டேப்.

ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு டேப்பும் மனைவியும் சைக்கிள் கடைக்குப் போனார்கள். அங்கே மெக்கானிக் ஒரு பெண்மணி. முழங்கை வரைக்கும் கிரீஸ். டேப் ஒரு பச்சை நிற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கலர் அப்புறம் பாக்கலாம்ணே. முதல்ல ஃப்ரேம் சைஸ். உங்க உயரம் எவ்வளவு?"

"அஞ்சடி ஏழு" என்றார் டேப், கண் கொட்டாமல்.

மெக்கானிக் அவரைத் தலையிலிருந்து கால் வரை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வை டேப்புக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷமாக அடுத்தவர்களை அவர் பார்த்த பார்வை.

"செருப்பைக் கழட்டிட்டுச் சுவத்தோட ஒட்டி நில்லுங்கண்ணே."

"எதுக்கும்மா? நான் டெய்லர். என் அளவு எனக்குத் தெரியாதா?"

"உங்க அளவு துணிக்கு. கொஞ்சம் லூஸ் விட்டு எடுப்பீங்க. இது எலும்புக்கு எடுக்கிறது. கார்பன் ஃப்ரேம் அச்சுல வெந்து வந்தா வந்ததுதான். உங்க கடை மாதிரி பிடிச்சுத் தைக்கவோ பிரிச்சு விடவோ முடியாது."

பிரிக்க முடியாத ஒன்றை டேப் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேள்விப்பட்டார். தப்பிக்க வழியில்லை. செருப்பைக் கழற்றினார். இரண்டு அடுக்குத் தோலும் அதோடு போயிற்று. சுவரோடு ஒட்டி நின்றபோது பக்கத்தில் மனைவி நிற்கிறாளே என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவளோ, வழக்கம்போல, தோளைக் குறுக்கிக்கொண்டு ஒரு ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டாள். மெக்கானிக் தலைமேல் ஓர் அட்டையை வைத்துச் சுவரில் கோடு கிழித்தாள். பிறகு ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்து, கால்களுக்கு நடுவில் வைத்து மேலே இழுக்கச் சொன்னாள். "இன்னும் மேலண்ணே. எலும்பு தட்டணும்." எலும்பு தட்டியது. கண்ணும் கலங்கியது.

"என் கையெல்லாம் கிரீஸ். அக்கா, அந்தச் சீட்டுல நீங்க எழுதிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, மெக்கானிக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தாள். "உயரம் நூத்தி அறுபத்தி மூணு சென்டிமீட்டர். உள்கால் எழுபத்தி நாலு."

இருபத்து நாலு வருஷ ரகசியம் நாலு பேர் முன்னால் ஒலித்ததில் டேப்புக்கு எச்சில் புரையேறியது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று தடவை இருமினார்.

மனைவி பேனாவோடு இருந்தாள். இருமல் காதில் விழுந்தால் கை தானாகப் போகும், மனசைக் கேட்காது. தன் பையிலிருந்த இன்னொரு அளவு டேப்பைப் புரட்டி மூன்று இஞ்சுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்தாள். உயரம் நூற்று எழுபத்தொன்று, கால் எண்பத்திரண்டு என்று அழகாக எழுதி, கோடு போட்டு, மடித்தாள். அதற்குள் மெக்கானிக்கை ஒரு பஞ்சர் கூப்பிட்டது. சீட்டை வாங்கிய முதலாளி அளவு அட்டவணையில் விரலை ஓட்டி, மீடியம் என்று ஆர்டர் போட்டார். டேப் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தன் உயரத்தை எழுத்தில் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

வண்டி வர ஆறு வாரம். வந்த அன்று பார்க்க ஒரு கூட்டமே இருந்தது. பல் டாக்டர் தன் சைக்கிளுக்குப் பிரேக் மாற்ற வந்திருந்தார். எல் போர்டு மச்சான் கூப்பிடாமலே வந்திருந்தார். டேப் பச்சைச் சைக்கிளின் இழையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுக் காலைத் தூக்கிப் போட்டார். போட்ட கால் தரையைத் தேடியது. நுனிக்காலில் நின்றார். மேல்கம்பி சொல்லக் கூடாத இடத்தில் அழுத்தியது. கையை நீட்டினால் ஹேண்டில் எட்ட இருந்தது. எட்டிப் பிடித்தபோது வண்டிக்குக் குறுக்கே காயப்போட்ட துண்டு மாதிரி ஆகிவிட்டார்.

மெக்கானிக் ஓடி வந்தாள். "இது உங்க சைஸே இல்லண்ணே. நான் நூத்தி அறுபத்தி மூணுன்னு சொன்னேனே."

முதலாளி சீட்டை எடுத்தார். "நூத்தி எழுபத்தி ஒண்ணுன்னு போட்டிருக்கு."

எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இவர் மூணு தடவை இருமினாரே" என்றாள்.

"இருமினா?" என்றார் முதலாளி.

"ஒரு இருமலுக்கு ஒரு இஞ்ச் கூட எழுதணும். கடையில அப்படித்தான்."

அசடு வழிய நின்ற டேப் அவள் வாயை மூடக் கண்ஜாடை காட்டினார். காலம் கடந்துவிட்டது. பல் டாக்டர் பிரேக்கை மறந்துவிட்டு மெதுவாகத் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ என்னோட முப்பத்தாறு?"

டேப் ஹேண்டிலைத் துடைக்க ஆரம்பித்தார். "நாலு தடவை இருமினீங்க" என்றார் டாக்டர், தனக்குத்தானே. "மாத்திரைகூட எழுதிக் கொடுத்தேன்."

முதலாளி நல்ல மனிதர். "இன்னும் ஓட்டலையே. திருப்பி அனுப்பிட்டு ஸ்மால் வரவழைக்கலாம்" என்றார்.

"என்னது, ஸ்மாலா?" என்றார் எல் போர்டு.

அந்த ஒரு வார்த்தைதான் காரியத்தைக் கெடுத்தது. மச்சான் வாயிலிருந்து அது வந்த தினுசில் டேப்புக்குக் காது மடல் சூடாகிவிட்டது. திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆறு வாரத்தில் கச்சிதமான வண்டி வந்திருக்கும். மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மற்ற கால்தான் எட்டவில்லையே.

"இதுவே சரியா இருக்கு. பழகப் பழக வந்துடும்" என்றார்.

"கார்பன் பழகாதுண்ணே. நீங்கதான் பழகணும்" என்றாள் மெக்கானிக். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி, ஹேண்டிலை அவர் பக்கம் இழுத்துக் கொடுத்தாள். டேப் கடை வாசலிலிருந்தே ஏறி ஓட்டிக்கொண்டு போனார். ஓடிக்கொண்டிருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. டேப் காலை இறக்கினார், கால் தரைக்கு வந்து சேர்வதற்குள் தரை அவரிடம் வந்துவிட்டது. மெதுவாக, அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் சாய்ந்தார். பின்னால் காரில் வந்த எல் போர்டு கண்ணாடியை இறக்கி, "மாப்பிள்ளை, நிறுத்துறதுக்கு முன்னாடி யோசிக்கணும்" என்றார்.

இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று முறை விழுந்தார். முழங்கையில் கட்டு, முழங்காலில் பிளாஸ்திரி. நாலாவது முறை விழுந்த பிறகு சைக்கிள், தையல் கடை இஸ்திரி மேஜைக்குப் பின்னால் போய்ச் சாய்ந்துகொண்டது. யாராவது கேட்டால், "மழை முடியட்டும்" என்பார். மழையே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி இரண்டு மூன்று தடவை எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். கேட்க அவருக்கும் பயம். அந்த மூன்று இஞ்சும் இப்போது அவர்களுக்கு நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டது.

ஒரு வியாழக்கிழமை காலை டேப் கடையைத் திறந்தபோது இஸ்திரி மேஜைக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருந்தது. திருட்டு என்றுதான் நினைத்தார். உள்ளே ஒரு துளி நிம்மதியும் எட்டிப் பார்த்தது என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் பூட்டு உடைபடவில்லை. சாவி இருப்பது இரண்டு பேரிடம்தான்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு மண் மைதானம் உண்டு. லாரிகள் திரும்பித் திரும்பி அங்கங்கே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். தேடிப்போய் அங்கேதான் மனைவியைக் கண்டுபிடித்தார். சீட்டை ஏற்றிவிட்டிருந்தாள். கால் நீளமாக நீண்டு பெடலை மிதித்தது, கை சரியாக ஹேண்டிலில் விழுந்தது. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறினாள். முன் ஷாக் அமுங்கியது, பின் ஷாக் அமுங்கியது, அவள் அலுங்காமல் வந்தாள். தனக்காகவே செய்த மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்று மூன்று மாதம் புலம்பினாரே, அந்த வண்டி அவளுக்காகச் செய்யப்பட்டிருந்தது.

அவரைப் பார்த்ததும் சட்டென்று பிரேக் பிடித்து இறங்கினாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி நின்றாள். அவசரத்தில் ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். குனிய மறந்துவிட்டாள்.

டேப்பின் கண் முதலில் போனது அவள் முகத்துக்கு இல்லை. தொழில் புத்தி யாரை விட்டது? சட்டைக்குப் போனது. கழுத்துக்குக் கீழே, முதுகில், துணி ஒரு மடிப்பு மடிந்து துருத்திக்கொண்டு நின்றது. எவன் வெட்டினான் இந்த முதுகை என்று எரிச்சலாக வந்தது. வெட்டியவர் அவர்தான். இருபத்து நாலு வருஷமாக அவளுடைய சட்டைகள் எல்லாவற்றுக்கும் முதுகில் முக்கால் இஞ்ச் கூடுதலாக விட்டு வெட்டுகிறார். கூன் முதுகுக்கு அப்படித்தான் விட வேண்டும். அவளுக்கு உடம்புவாகு அப்படி என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அவளுக்குக் கூனே இல்லை.

"ஏங்க, கோபமா?" என்றாள். "நீங்க விழுந்து விழுந்து எந்திரிக்கிறதைப் பாக்க முடியல. என்னதான் இருக்கு இதுலன்னு ஒரு நாள் ஏறிப் பாத்தேன். அப்புறம் இறங்க மனசு வரல."

"எத்தனை நாளா?"

"ஒம்பது நாளாச்சு."

டேப் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். "திரும்பு. நிமிர்ந்து நில்லு" என்றார். அவள் திரும்பினாள். கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை அளந்தார். நம்பாமல் மறுபடியும் ஒரு முறை அளந்தார். சட்டைதான் முக்கால் இஞ்ச் அதிகமாக இருந்தது. முப்பது வருஷத் தொழிலில் ஊரில் ஒருத்தருக்கும் தப்பாக வெட்டாதவர், தன் பெண்டாட்டிக்குத் தவறாமல் தப்பாக வெட்டியிருக்கிறார். அந்த மைதானத்தில், லாரிக்காரர்கள் பார்க்க, மனிதருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏன்டி சொல்லல?"

"எதை?"

"நிமிர்ந்து நிக்கிறேன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். "முதல்ல கழுத்து வலிச்சுது. அப்புறம் பழகிடுச்சு."

திரும்பி வரும்போது அவள் சைக்கிளில் மெதுவாக வந்தாள், அவர் பக்கத்தில் நடந்தார். மேட்டுப் பக்கம் எது என்று பார்க்கவில்லை. மெயின் ரோட்டில் டிரைவிங் ஸ்கூல் வாசலில் எல் போர்டு நின்றிருந்தார். தங்கை சைக்கிளை விட்டு இறங்கி, கணவனுக்குப் பக்கத்தில் நேராக நின்றாள். அண்ணன்காரர் அவளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருவது தெரிந்தது. டேப் முந்திக்கொண்டார்.

"மச்சான், உங்க தங்கச்சி என்னைவிட மூணு இஞ்ச் உயரம். இந்த வண்டி அவளுக்கு. எனக்கு ஸ்மால் சொல்லப் போறேன்."

"அது ஊருக்கே தெரியும் மாப்பிள்ளை. கல்யாணத்தன்னிக்கே தெரியும்" என்றார் எல் போர்டு. குரலில் வழக்கமான பிரேக் இல்லை. "அவ நிமிர்ந்து நின்னு பாத்துத்தான் இருபத்தி நாலு வருஷமாச்சு."

டேப் நேராகச் சைக்கிள் கடைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார்.